உப்பு கம்மி

— ...கைய உருவிக்கிட்டு உள்ள ஓடிட்டான்டி தமிழு. நான் திரும்பறதுக்குள்ள கதவு மூடிருச்சு. கண்ணாடி லிஃப்ட்டு. உள்ள அவன், வெளிய நான். நான் தட்டு தட்டுன்னு தட்டறேன், அவன் சிரிச்சுக்கிட்டே எனக்கு டாட்டா காட்டறான். அப்படியே மேல போயிட்டான்.

— யாருடி? எவன்? இந்தாரு ஷிஃபு, செத்த மூச்சு விடு. தூங்கிக்கிட்டு இருந்தவள எழுப்பி லிஃப்ட்டுங்கிற, கண்ணாடிங்கிற.

— அஜ்மீருடி. எங்க லாத்தா மவன்.

— சித்திக்கா அக்கா மவனா? அந்த நண்டா? ஐயையோ. கெடைச்சானா இல்லையா, மொதல்ல அதச் சொல்லு.

— கெடைச்சிட்டான். வந்து சோறு தின்னுட்டுத் தூங்கிட்டான்.

— அட எரும. அதச் சொல்லிட்டு அழுவக் கூடாதா? புள்ளதான் கெடைச்சிருச்சே, இன்னும் என்னாத்துக்கு இந்த அழுவ?

— அவன் கெடைச்சிட்டான். நான் மாட்டிக்கிட்டேன்.

— புரியிற மாதிரி சொல்லு. சத்தமா வேற சொல்லு, ஒண்ணும் கேக்கல. என்னா அது உர்ருன்னு?

— அடுப்பங்கரை ஃபேனு. வேணும்னுதான் போட்டு வச்சிருக்கேன். மச்சான் ஹால்ல படுத்திருக்காங்க, உம்மாவும் புள்ளைங்களும் ரூம்ல. நான் ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி ஒக்காந்திருக்கேன். வாட்ஸப்ல பேசுனா இந்த அரபு ஊருல லைன் போவாது, இந்தப் போட்டிம் ஆப்புலதான் போவும். கட் ஆச்சுன்னா நீ திருப்பி அடிக்காத, நானே அடிக்கிறேன்.

— சரி சரி. நான் கொல்லைப் பக்கம் வந்துட்டேன். எங்கம்மா முழிச்சா தொலைஞ்சேன். சொல்லு.

— மாலுக்குப் போனோம்.

— அதான் வாராவாரம் போறீங்களே. இங்க நான் காரைக்கால் பீச்சுக்குப் போவவே எங்க அண்ணன் மாறன் காலுல விழணும். நீ என்னடான்னா ஏசியில நடக்குற, ஃபவுண்டன் முன்னாடி நின்னு போட்டோ அனுப்புற.

— போட்டோவுல சிரிக்கிறேன்ல, அதப் பாத்து ஏமாந்துட்ட நீ. வூடு ஒரே ரூமு தமிழு. வெளியில காலு வைக்க முடியாது, அப்படி ஒரு வெயிலு. புள்ளைங்க ரெண்டும் சுவத்துல முட்டிக்குதுங்க. வியாழக்கெழம ஆச்சுன்னா மச்சான் மாலுல கொண்டு போய் எறக்கி வுட்டுட்டு, அங்கயே உள்ள இருக்கற தொழுவுற எடத்துக்குப் போயிருவாங்க. நான்தான் ரெண்டையும் புடிச்சுக்கிட்டு மேல கீழ நடக்கணும். வெளையாடற எடத்துக்கு டிக்கெட்டு வெல கூட, அதனால அந்தப் பக்கம் போவக் கூடாது. பொம்மக் கடைக்கு வெளியில நிக்கலாம், உள்ள போவக் கூடாது. ஃபிரெஞ்சு ஃப்ரை ஒண்ணு வாங்கி மூணு பேரும் திங்கலாம்.

— அது சரி, புள்ளைங்களப் பாத்துக்கன்னு ஒன்கூட வந்த ஒங்க உம்மா எங்க போனாங்க? ஒன்னையும் சித்திக்கா அக்கா புருசனையும் தனியா அனுப்புறாங்களா? நம்ம ஊருல அவுங்க ஒன்னைய மருந்துக் கடைக்குக் கூட தனியா வுட்டதில்லையே.

— உம்மாவுக்கு முழங்கால் வலி.

— எப்பருந்து?

— அதான் தமிழு. வியாழக்கெழம சாயந்தரம் மட்டும்தான் வலிக்குது. மத்த நாளெல்லாம் மூணு மாடி எறங்கிப் போயி மீன் பாத்து வாங்கிட்டு வர்றாங்க. எனக்கு இப்பத்தான் ஒறைக்குது.

— அம்மாடி.

— நானும் மரமண்ட மாதிரி இருந்துட்டேன். மாலுல கடைக்காரப் பொண்ணுங்க எல்லாம் என்னைய மம்மின்னு கூப்பிடுவாளுங்க. "மம்மி, பேபிக்கு ஷூ பாருங்க, மம்மி இந்தப் பக்கம் வாங்க"ன்னு. மொதல்ல எல்லாம் "நோ நோ, ஆண்ட்டி"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அப்பறம் எத்தன பேருகிட்டச் சொல்றது? சும்மா இருந்துட்டேன்.

— நீயா? சும்மாவா? ஒனக்குத்தான் சும்மா இருக்கவே தெரியாதே.

— வூட்லதான் இருக்கக் கூடாது. ஒன்கிட்டச் சொல்லிருக்கேன்ல, எங்கள்ல கல்யாணத்துக்குப் பொண்ணுகிட்டக் கேட்டு அவ வாயத் தொறக்கலன்னா சரின்னு அர்த்தம். சும்மா இருந்தா சம்மதம். அதனால லாத்தா மவுத்தாயி கண்ண மூடுனதுலேருந்து உம்மா, மச்சானக் கட்டிக்கங்கிற பேச்ச எடுத்தா போதும், நான் ஏதாவது பேசிருவேன். "ஷிஃபா, அந்தப் புள்ளைங்க மொகத்தப் பாத்தியா"ம்பாங்க. நான் ஒடனே "கொழம்புல உப்பு கம்மி"ம்பேன். "ஜவஹர் அலி தங்கமான புள்ள"ம்பாங்க. "மாடியில துணி காயுது"ம்பேன்.

— ஆமா ஆமா, துணியே காயப் போடாத அன்னிக்குச் சொன்னியே. சிரிச்சு சிரிச்சு எனக்கு விக்கல் வந்துருச்சு.

— இப்ப சிரிக்காத.

— இல்லடி, சிரிக்கல. சொல்லு. லிஃப்ட்டு மேல போயிருச்சு. அப்பறம்?

— பல்கீச இழுத்துக்கிட்டு எஸ்கலேட்டர்ல ஓடறேன். அவ ஏழு வயசுக்காரி, ஓட முடியாம அழுவுறா. ஒவ்வொரு மாடியா பாக்கறேன், காணும். மச்சானுக்குப் போன் அடிக்கிறேன், எடுக்கல. தொழுகைக்குப் போனா சைலண்ட்ல போட்டுருவாங்க. எத்தன நேரம் ஓடுனேன்னே தெரியல. அந்த மாலுல எல்லாக் கடையும் ஒரே மாதிரி இருக்கு தமிழு, வந்த எடத்துக்கே வந்து வந்து நிக்கிறேன். அப்பறம் மைக்குல "அஜ்மீர், அஜ்மீர்"னு ஏதோ சொல்றாங்க. கீழ ஒரு கவுண்டர் இருக்கு, அங்க ஒக்கார வச்சு சாக்லேட்டு குடுத்திருக்காங்க.

— நல்லவங்கதான். கைய எப்படிடி வுட்ட? நீ பையக் கூட வுட மாட்டியே.

— போனைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

— அதான பாத்தேன். போனுல என்னா?

— நீ அனுப்பினது.

— நானா? நான் என்னா... ஐயையோ. காலேஜு சீட்டு மெசேஜா?

— "ஷிஃபு, சென்டாக் அட்மிஷன் லிஸ்ட்டுல பேரு வந்திருச்சு, அக்ரி ரெண்டு பேருக்கும், ஒரே காலேஜு, நம்ம ஊருலயே, திங்கக்கெழமக்குள்ள சேரணும்"னு போட்டிருந்தியே. அத படிச்சேன். திருப்பிப் படிச்சேன். கண்ணு கலங்கிருச்சு, தொடைக்கணும்னு ஒரு கையத்தான் எடுத்தேன். அந்தக் கையிலதான் அவன் இருந்தான்.

— என்னாலதானா.

— ஒன்னால இல்ல புள்ள. வல்லாஹி, சத்தியமா. அந்த ஒரு நிமிசம் மாதிரி இந்த ஊருக்கு வந்து ஒரு நிமிசம் கூட நான் சந்தோசமா இருந்ததில்ல.

— நானும் இங்க குதிச்சேன்டி. எங்கப்பா கேக்குறாரு, "நாத்துக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாத அந்தப் பொண்ணுக்கு அக்ரி குடுத்தது எவன்?"னு. அப்பறம் அவரே, "சேந்தோன்ன நம்ம வயலுக்கு அழைச்சுக்கிட்டு வா, நான் சொல்லித் தர்றேன்"னாரு. சரி, புள்ள கெடைச்சான். தூக்கிக்கிட்டு வர வேண்டியதுதான? எங்க மாட்டுன?

— குடுக்கல.

— ஏன்?

— கவுண்டர்ல இருந்தவ "நீ யாரு?"ன்னா. ஆண்ட்டின்னேன். அப்பாவோ அம்மாவோ வந்தாத்தான் தருவேன்னுட்டா. அவ சொல்றதும் நியாயம்தான், நாளைக்கு யாராவது தூக்கிட்டுப் போயிட்டா? அவளுக்கு டூட்டி முடிஞ்சு வேற ஒருத்தி வந்து ஒக்காந்தா. பக்கத்துல செக்யூரிட்டி, இன்னும் யாரும் வரலன்னா போலீசுக்குச் சொல்லிருவோம்னு பேசிக்கிறான். என் கையில பாஸ்போர்ட்டு இல்ல தமிழு. விசா நீட்டணும்னு மச்சான் ஆபீசுக்குக் கொண்டு போயி வச்சிருக்காங்க. அஜ்மீரு என்னையப் பாத்துட்டு ரெண்டு கையும் நீட்டி அலர்றான். புதுசா வந்தவ என்னையப் பாத்துக் கேட்டா, "ஆர் யூ த மதர்?"னு.

— நீ...

— எஸ்ஸுன்னுட்டேன்.

— ம்.

— "எஸ், ஐ ஆம் மதர்"னு கத்துனேன். கருப்புப் புர்கா போட்டிருந்தா பதினெட்டும் முப்பதும் ஒண்ணுதான் அவளுக்கு. தூக்கிக் குடுத்துட்டா. அவன் என் காது மடலப் புடிச்சுக்கிட்டான். அப்படிப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவான் அவன். திரும்பிப் பாக்கறேன், பின்னாடி மச்சான் நிக்கிறாங்க.

— கேட்டுட்டாங்களா?

— மைக்குல பேரக் கேட்டு ஓடியாந்திருக்காங்க. மூச்சு வாங்குது. சட்டை எல்லாம் நனைஞ்சிருக்கு. அந்த செக்யூரிட்டி அவங்க தோளத் தட்டி, "சார், வைஃப் ரொம்ப பயந்துட்டாங்க, திட்டாதீங்க"ங்கிறான்.

— அதுக்கு அவரு?

— ஒண்ணும் சொல்லல. "இல்ல, இது என் கொழுந்தியா"ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. தலைய ஆட்டுனாங்க. நேரா கார் நிக்கிற எடத்துக்குப் போயி, முன்னாடிக் கதவத் தொறந்து புடிச்சுக்கிட்டு நின்னாங்க.

— நீ எப்பவும் பின்னாடிதான ஒக்காருவ?

— ரெண்டு புள்ளைக்கும் நடுவுல. வந்ததுலேருந்து அங்கதான். முன் சீட்டுல மச்சான் பையி இருக்கும். இன்னிக்கு அந்தப் பையத் தூக்கிப் பின்னாடி வச்சுட்டு, "முன்னாடி ஒக்காரு"ன்னாங்க. நான் ஒக்காந்துட்டேன் தமிழு. ஏன் ஒக்காந்தேன்னு கேக்காத. எங்கயாவது ஒக்காந்தா போதும்னு இருந்துச்சு. அந்தச் சீட்டு லாத்தா வச்ச மாதிரியே இருக்கு, ரொம்ப முன்னாடி இழுத்து. லாத்தா குள்ளம்ல. எனக்கு முட்டி இடிக்குது. பின்னாடி தள்ளிக்கலாம்னு கூடத் தோணல.

— அந்தாளு தொட்டு கிட்டு ஏதாவது...

— சீ. வாயக் கழுவு. மச்சான் அப்படி இல்ல. என் மொகத்தக் கூட நிமிந்து பாக்க மாட்டாங்க. ராத்திரி ஹால்ல தனியா அழுவுவாங்க, எனக்கே கேக்கும். கெட்டவரா இருந்தா நான் ஏன் பயப்படறேன்? கத்தியிருப்பேன். காருல வரையில ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. "நீ சொன்னதக் கேட்டேன் ஷிஃபா. என் நெஞ்சுல இருந்த கல்லு எறங்கிருச்சு"ன்னாங்க.

— நீ அப்பவாவது சொல்லிருக்கணும். அது புள்ளைய வாங்கறதுக்குச் சொன்னதுன்னு.

— அவங்க அழுவறாங்க, ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு. பின்னாடி ரெண்டு புள்ளைங்க. எப்படிச் சொல்லுவ நீ?

— சரி, அப்பறம் என்னாச்சு?

— வூட்டுக்கு வந்தோம். மச்சான் உம்மாகிட்ட ஏதோ சொன்னாங்க. உம்மா முழங்கால் வலியெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல, ஓடியாந்து என் நெத்தியில முத்தம் குடுத்தாங்க. நான் வாயத் தொறந்தேன். இல்ல உம்மா, அது வந்துன்னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள சீனி டப்பாவத் தொறந்து ஒரு கை அள்ளி என் வாயில போட்டுட்டாங்க.

— சீனியா?

— வாய் நெறைய. துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல. அந்த நேரத்துல உம்மா வாப்பாவுக்குப் போன் போட்டுட்டாங்க. "ஒங்க மவ அவ வாயாலயே சொல்லிட்டா"ங்கிறாங்க. வாப்பா அந்தப் பக்கம் அல்ஹம்துலில்லாஹ்ங்கிறாங்க. என்கிட்டப் போனக் குடுத்தாங்க. "என்னம்மா?"ன்னு வாப்பா கேட்டாங்க. எனக்கு வாயி முழுக்கச் சீனி.

— பேசாம இருந்துட்ட.

— இருந்துட்டேன்.

— ஷிஃபு...

— "கூப்பிடற மொறையக் கூட மாத்த வேணாம், இப்பவும் மச்சான், எப்பவும் மச்சான்"னு சொல்லிச் சிரிக்கிறாங்க உம்மா. லாத்தா போனதுலேருந்து அவங்க சிரிச்சு இன்னிக்குத்தான் பாக்கறேன்.

— இப்ப என்னாதான் முடிவு? கல்யாணம் எப்பங்கிறாங்க?

— நாளைக்கு ஜும்மா முடிஞ்சு எல்லாரும் நம்ம வூட்டுக்கு வர்றாங்க, காரைக்கால் வூட்டுக்கு. நெய்னா முகம்மது பெரியாப்பா போன் போட்டு ஸ்பீக்கர்ல எல்லாரு முன்னாடியும் என்னையக் கேப்பாங்களாம். அதோட பேச்சு முடிஞ்சுது. அடுத்த மாசம் நிக்காஹ். அந்த வூடு லாத்தாவுக்குச் சீதனமாக் குடுத்தது, வெளியிலேருந்து ஒருத்தி வந்தா புள்ளைங்க கதி என்னான்னு பெரியாப்பா ஒரு வருசமா அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்காங்க. அவங்க சொல்றதும் தப்பில்ல தமிழு. யாரு சொல்றதும் தப்பில்ல. எந்தப் பக்கம் திரும்புனாலும் நல்லவங்களா நிக்கிறாங்க.

— எங்கப்பாவ அனுப்பவா? காலங்காத்தால பஸ் ஏறிப் போயி ஒங்க வாப்பாகிட்டப் பேசட்டும்.

— சோமு மாமாவா? வாப்பா டீ வாங்கிக் குடுத்து, நெல்லு என்னா வெலைக்குப் போவுதுன்னு விசாரிச்சு, பத்திரமா பஸ் ஏத்தி விட்டுருவாங்க.

— அதுவும் சரிதான். எங்கப்பாவும் நெல்லுப் பேச்சுன்னா வந்த காரியத்த மறந்துருவாரு. அப்ப நீதான் சொல்லணும். வேற வழியே இல்ல. இந்தாரு, நாளைக்குப் பெரியாப்பா கேக்குறப்ப சொல்லிடு.

— என்னான்னு?

— இல்லன்னு.

— அஜ்மீருக்கு அவங்க உம்மா மொகமே ஞாபகமில்ல தமிழு. போட்டோவக் காட்டுனா "இது யாரு சாச்சி"ன்னு என்கிட்டக் கேக்கறான். நான் போயிட்டா?

— நீ சாச்சியாவே இருடி, யாரு வேணாங்கிறா? காலேஜுக்குப் போயிட்டு வந்து தூக்கி வச்சுக்க. புள்ளைங்களக் காரைக்காலுக்கு அழைச்சுக்கிட்டு வாங்க, நானும் வந்து பாத்துக்கிறேன். புள்ள அழுவுதுன்னா பால ஆத்திக் குடு, கதை சொல்லு. அதுக்கு ஏன்டி அவங்க அப்பாவுக்குப் பொண்டாட்டியாவணும்?

— இத யாரும் இப்படிக் கேக்கவே இல்ல.

— நான் கேக்கறேன். ஒனக்கு அவரக் கட்டிக்கப் புடிச்சிருக்கா? அத மட்டும் சொல்லு.

— இல்ல.

— காலேஜுக்குப் போவணுமா?

— போவணும். வல்லாஹி, போவணும் தமிழு. ஒன்கூட அந்த ஓட்ட பஸ்ல தொங்கிக்கிட்டுப் போவணும்.

— அப்ப முடிஞ்சு போச்சு. இப்பவே சொல்லிப் பழகு. நான்தான் ஒங்க பெரியாப்பா.

— ஒனக்குப் பைத்தியமா?

— ஹ்ம், ஹ்ம். "அஸ்ஸலாமு அலைக்கும். நான்தான் நெய்னா முகம்மது பேசறேன். எல்லாரும் வந்திருக்காங்க புள்ள."

— நீ அவங்க மாதிரியே இருமுற.

— "சிரிக்கக் கூடாது. பெரியாப்பா கேக்கறேன், ஜவஹர் அலியக் கட்டிக்க ஒனக்குச் சம்மதமா?"

— ...

— "இருந்த புள்ளய காணுமே. சும்மா இருந்தா என்னா அர்த்தம்னு தெரியும்ல?"

— இல்ல பெரியாப்பா.

— "என்னா? காதுல வுழல."

— இல்ல பெரியாப்பா. எனக்குச் சம்மதமில்ல.

— அப்படிப் போடு. "அப்ப மாலுல நீயே சொன்னியாமே?"

— அது... அது புள்ளையக் குடுக்க மாட்டேன்னாங்க, அதுக்காகச் சொன்னது.

— மென்னு முழுங்காத ஷிஃபு. அங்க ஊரே ஒக்காந்திருக்கும். ஃபேன் சத்தத்த விட ஒன் சத்தம் மேல வரணும். ஒரே மூச்சுல சொல்லு.

— மாலுல நான் சொன்னது பொய். நான் அவங்களுக்கு உம்மா இல்ல.

— இன்னொரு தடவ.

— பொய்! நான் அவங்களுக்கு உம்மா இல்ல! எனக்கு ஊருக்குப் போவணும்!

— சபாஷ்டி என் தங்கம்! இதேதான். இத மட்டும் நாளைக்கு... ஷிஃபு? என்னாச்சு? ஃபேனு நின்னு போச்சா?

— சாச்சி.

— யாரது? ஷிஃபு, யாரு பக்கத்துல?

— பல்கீசு... நீ தூங்கல? எப்ப வந்த? எவ்வளவு நேரமா இங்க நிக்கிற?

— தண்ணி குடிக்க வந்தேன். ஃபேனு சத்தமா இருந்துச்சு, நான்தான் நிப்பாட்டுனேன்.

— வா, வா இங்க. தண்ணி எடுத்துத் தர்றேன். காலு ஜில்லுனு இருக்கு பாரு. போய் நன்னி பக்கத்துல படுத்துக்க, என்னா?

— மாலுல நீங்க சொன்னப்ப நான் பக்கத்துல நின்னேன்ல, சாச்சி. அஜ்மீருக்கு இங்கிலீசு புரியல. நான் அவன்கிட்ட இன்னும் சொல்லல.

— என்னாத்த சொல்லல?

— நீங்கதான் இனிமே எங்க உம்மான்னு. காலையில சொல்லலாம்னு வச்சிருக்கேன். சொல்லட்டா?

— ...

— ஷிஃபு. லைன்லதான் இருக்கேன். அவகிட்ட மெதுவா எடுத்துச் சொல்லு.

— சாச்சி, சொல்லட்டா?

— ...

— ஷிஃபு, பேசுடி. ஏதாவது பேசு. உப்பு கம்மின்னாவது சொல்லு!

— ஏன் சாச்சி ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க? சும்மா இருந்தா சரின்னுதானே நன்னி சொன்னாங்க?